ஆயிரம் பாஸ் கொடுத்தும் திறக்காத கோட்டை

2018 ஜூலை 1 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்தில், மாஸ்கோவின் லுஷ்னிக்கி மைதானத்தில் ஸ்பெயின் அணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தது. எதிரே ரஷ்யா. பின்வரிசையில் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், தூரத்தில் தனியாக நெட்டையர் ஜூபா. 120 நிமிடம் ஆடி முடித்தபோது ஸ்பெயினின் கணக்கில் இருந்தது ஒரே கோல். அதுவும் ரஷ்யாவின் இக்னாஷெவிச் காலில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. பெனால்டி ஷூட்அவுட்டில் 4-3 என்று தோற்று ஊர் திரும்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 6 அன்று கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிராக மறுபடியும் ஆயிரத்துச் சொச்சம் பாஸ். இம்முறை கோலே இல்லை. ஷூட்அவுட்டிலும் ஒரு பெனால்டியைக்கூட உள்ளே தள்ள முடியாமல் 3-0 என்று வெளியேறினார்கள்.

இந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அதிர்ஷ்டம் இல்லை என்றார்கள். கடைசிப் பாஸில் கூர்மை இல்லை என்றார்கள். பாஸ் ஆட்டத்துக்கே காலம் முடிந்துவிட்டது என்று சிலர் இரங்கற்பா பாடினார்கள். எனக்கு என்னவோ, அந்த ஆட்டங்கள் பதினொரு பெயர்களை எழுதும்போதே பாதி கெட்டுவிட்டன என்று தோன்றுகிறது. பந்தைத் தன் காலுக்குக் கேட்பவர்களே அணி முழுக்க இருந்தார்கள். பந்து வருமோ வராதோ, தடுப்பு வரிசையின் முதுகுக்குப் பின்னால் ஓடிப் பார்க்கலாம் என்று நினைக்கிற ஆளைத்தான் காணவில்லை.

நான் இதைச் சுவருக்கு உள்ளே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்டாப்பராகத்தான், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவனாகத்தான் ஆடினேன், அதுவும் பெரும்பாலும் பலவீனமான அணிகளில். எங்களைவிட நன்றாக ஆடும் அணி வந்தால் எங்களிடம் இருந்த திட்டம் ஒன்றே ஒன்று: பெனால்டி பகுதிக்கு முன்னால் எட்டு ஒன்பது பேர் நெருக்கியடித்து நிற்பது, பந்து கிடைத்தால் தூக்கி அடிப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நாங்கள் மூச்சுத் திணறுவதாக நினைப்பார்கள். பந்து எங்கள் முன்னால் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் போய்க்கொண்டிருக்கும்வரை அது எங்களுக்கு ஓய்வு நேரம். நாலு எட்டு இந்தப் பக்கம், நாலு எட்டு அந்தப் பக்கம். பந்து தெரிகிறது, எதிராளி தெரிகிறான், பக்கத்தில் நிற்பவனின் தோள் தெரிகிறது. அப்புறம் என்ன பயம்?

பயம் வேறு இடத்திலிருந்து வரும். பந்து இடது கோடியில் இருக்கும். என் கண்ணும் அங்கே இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவன் என் வலது தோளுக்குப் பின்னால், பார்வைக்கு எட்டாத இடத்துக்கு நழுவுவான். பந்தைப் பார்த்தால் ஆள் போய்விடுவான், ஆளைத் தேடினால் பந்து வந்துவிடும். தலையைத் திருப்பித் திருப்பியே கழுத்து கடுத்துவிடும். அவன் பலமுறை ஓடினாலும் பெரும்பாலும் அவனுக்குப் பந்து வராது. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் இரண்டடி பின்வாங்கியிருப்பேன். எனக்கும் முன்னால் நிற்கும் நடுக்கள வீரனுக்கும் இடையே இரண்டடி திறந்திருக்கும். கோல் விழுந்த பிறகு பாராட்டெல்லாம் அந்த இடத்தில் பந்தை வாங்கியவனுக்குப் போகும். இடத்தைத் திறந்தவன் பந்தையே தொட்டிருக்க மாட்டான்.

ஆகவே கதவடைத்து நிற்கும் அணிக்கு எதிராகப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, யார் நன்றாகப் பாஸ் கொடுப்பார் என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். பந்து இல்லாதபோது யார் என்ன செய்வார் என்பதே முதல் கேள்வி.

மாஸ்கோவில் ஸ்பெயின் இறக்கிய அணியை இந்தக் கண்ணோடு பாருங்கள். புஸ்கெட்ஸ், கோகே, டாவிட் சில்வா, இஸ்கோ, அசென்ஸியோ. ஒவ்வொருவரும் அற்புதமான ஆட்டக்காரர்; சில்வாவின் முதல் தொடுதலுக்கு நான் கோயில் கட்டத் தயார். ஆனால் ஐந்து பேருக்கும் பந்து காலுக்கு வர வேண்டும். முன்னால் தியேகோ கோஸ்டா மட்டும் மூன்று ஸ்டாப்பர்களோடு மல்லுக்கு நின்றார். 67ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக வந்தவர் இனியெஸ்தா. அதாவது, பாஸ் கொடுப்பவர் போய் இன்னொரு பாஸ் கொடுப்பவர் வந்தார். நேராக ஓடக்கூடிய ரோட்ரிகோ மொரேனோ உள்ளே வந்தது கூடுதல் நேரத்தில், 104ஆவது நிமிடத்தில். வந்த சில நிமிடங்களிலேயே ஒருவரைத் திருப்பிவிட்டு வலப்பக்கமாகப் பாய்ந்து கோலை நோக்கி அடித்தார்; கோல்கீப்பர் அகின்ஃபியெவ் தடுத்தார். அதுவரை ரஷ்ய வரிசை அந்த மாதிரி ஓட்டத்தைப் பார்த்ததேயில்லை. கத்தாரில் நடந்ததும் ஏறக்குறைய அதேதான். நேராக ஓடக்கூடிய நிகோ வில்லியம்ஸ் 75ஆவது நிமிடத்தில்தான் இறங்கினார்.

இப்போது 2024 ஜூன் 30, கொலோன் நகரம், யூரோ கோப்பையின் நாக் அவுட் சுற்று. ஜார்ஜியா ஐந்து பேர் கொண்ட பின்வரிசையோடு பதுங்கி நிற்கிறது. அதோடு 18ஆவது நிமிடத்தில் ஓர் எதிர்த்தாக்குதல், லெ நோர்மான் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட, ஸ்பெயின் பின்தங்குகிறது. பழைய ஸ்பெயினாக இருந்தால் இங்கேயே பதற்றம் தொடங்கியிருக்கும். ஆனால் இந்த அணியில் வலக் கோட்டில் பதினாறு வயது லமீன் யமால், இடக் கோட்டில் நிகோ வில்லியம்ஸ். 39ஆவது நிமிடத்தில் ரோட்ரி பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து தாழ்வாக அடித்துச் சமன் செய்தார். 51இல் யமால் ஓரத்திலிருந்து குறுக்கே அடித்த கிராஸை ஃபாபியான் ரூயிஸ் தலையால் முட்டினார். பிறகு நிகோவும் ஓல்மோவும் ஆளுக்கொன்று. 4-1.

ஓரத்தில் ஆடும் இரண்டு விங்கர்கள் வந்ததால் பந்தோடு ஆளைத் தாண்டும் டிரிபிளிங் வந்தது, அதனால் கோல் வந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது அரைக்கிணறு தாண்டிய விளக்கம். பெரிய போட்டிகளில் மைதானத்தின் அகலம் வழக்கமாக 68 மீட்டர். பெனால்டி பகுதியின் அகலம் 40 மீட்டரைச் சற்றே தாண்டும். பதுங்கி ஆடும் அணி வாழ்வது அந்த 40 மீட்டருக்குள்தான். பக்கக் கோட்டை ஒட்டி நிற்கிற விங்கர் அதற்கு வெளியே, பதின்மூன்று பதினான்கு மீட்டர் தள்ளி நிற்கிறார். அவரிடம் பந்து போனால், தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஃபுல்பேக் முடிவெடுத்தாக வேண்டும். வெளியே போனால் அவருக்கும் பக்கத்து ஸ்டாப்பருக்கும் நடுவே பிளவு விழும். ஹாஃப் ஸ்பேஸ் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் இடம் அதுதான், அதற்குள் ஒருவர் ஓடினால் கதை முடிந்தது. போகாமல் நின்றால் விங்கர் நிதானமாகத் தலை நிமிர்ந்து பார்த்து கிராஸ் கொடுப்பார். பிளவை அடைக்க நடுக்கள வீரர் இறங்கி வந்தால், பெனால்டி பகுதியின் விளிம்பு காலியாகும். ரோட்ரி அடித்தது அந்த விளிம்பிலிருந்துதான்.

கவனிக்க வேண்டியது, இதில் எதற்குமே விங்கர் ஆளைத் தாண்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. தாண்டுவார் என்ற பயம் இருந்தால் போதும். அந்தப் பயத்தை ஏற்படுத்தாத ஒருவரைக் கோட்டை ஒட்டி நிறுத்துவதில் பயனில்லை. ஃபுல்பேக் ஐந்து மீட்டர் தள்ளியே நின்று வேடிக்கை பார்ப்பார். 2018 உலகக் கோப்பைக்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் லோவ், அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கிய லெரோய் சானேவைச் சேர்க்காமலே போனதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கஸானில் தென் கொரியாவுக்கு எதிராக வென்றே தீர வேண்டிய நாளில் ஜெர்மனிக்குப் பந்து இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஒரு கோல் இல்லை. 2-0 என்று தோற்று, பிரிவில் கடைசி இடம்.

எந்தக் கால் என்பதும் தேர்வில் சேரும் விஷயம். யூரோ 2024இல் இங்கிலாந்தின் இடப்பக்கம் ஏன் அப்படி அடைபட்டுக் கிடந்தது? லூக் ஷா காயத்திலிருந்து மீளாததால், வலது காலால் ஆடும் டிரிப்பியர் இடது ஃபுல்பேக். அவருக்கு முன்னால் ஃபோடன். இடது கால்காரர்தான், ஆனால் அவருக்குப் பிடித்த இடம் நடு. கோட்டின் ஓரம் பந்து வந்தால் டிரிப்பியர் அதைத் தன் வலது காலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இந்த மாற்றத்துக்கு ஒரு விநாடிதான் ஆகும் என்று சொல்லாதீர்கள். ஒரு விநாடியில் மொத்தச் சுவரும் இரண்டு எட்டு நகர்ந்து அடைத்துக்கொள்ளும். நான் அப்படி நகர்ந்தவன். எதிராளி பந்தை மற்றக் காலுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். ஸ்லோவேனியாவோடு 0-0. ஆண்டனி கோர்டன் ஏறக்குறைய தொடர் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

அகலம் கிடைத்துவிட்டால் கிராஸ் மழை பொழியலாமா? 2014 பிப்ரவரி 9 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அப்படித்தான் செய்தது. லீக் பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 81 கிராஸ்கள். ஆட்டம் 2-2. ஸ்டாப்பராக ஆடிய எவரையும் கேளுங்கள், தூரத்திலிருந்து உயரமாக மிதந்து வரும் கிராஸைப் போலச் சுகமானது வேறில்லை. முகம் பந்தைப் பார்த்து இருக்கிறது, ஓடி வந்து முட்டினால் பந்து நாற்பது அடி போகிறது, சகவீரர்கள் முதுகில் தட்டுகிறார்கள்.

கோல் கோட்டுவரை போய்ப் பின்னோக்கித் தரையில் உருட்டப்படும் பந்து அப்படியல்ல. கட் பேக் என்பார்கள். விங்கர் கோட்டை நோக்கி ஓடும்போது நாங்கள் அனைவரும் எங்கள் கோலை நோக்கி ஓடுகிறோம்; உடலின் எடை முழுதும் பின்னோக்கிப் போகிறது. பந்து மட்டும் எங்களுக்கு எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. நின்று, திரும்பி, கால் நீட்டுவதற்குள் பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்பான். எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. காரணம், அவன் அங்கே நிற்கவே இல்லை, தாமதமாக வந்தான். முன்கூட்டியே வந்து நிற்பவனை யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

இப்படித் தாமதமாக வந்துசேரும் நடுக்கள வீரர் ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டுக்கு 2022 மே 22ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிரீமியர் லீக்கின் கடைசி நாள். மான்செஸ்டர் சிட்டி சொந்த மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 என்று பின்தங்கி நிற்கிறது. கோப்பை கைநழுவும் நிலை. பயிற்சியாளர் கார்டியோலா மூன்று மாற்றங்கள் செய்தார். இடைவேளையில் ஃபெர்னாண்டின்யோவுக்குப் பதில் ஸின்சென்கோ. இரண்டாம் பாதியில் மஹ்ரெஸுக்குப் பதில் ஸ்டெர்லிங், பெர்னார்டோ சில்வாவுக்குப் பதில் குந்தோகன். பெயர்களின் பெருமையை மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள். மஹ்ரெஸ் பந்தை வாங்கி உள்ளே வெட்டுபவர்; ஸ்டெர்லிங் ஓடுபவர். பெர்னார்டோ பந்தைக் காலில் ஒட்டி வைத்திருப்பவர். குந்தோகன் கட்டத்துக்குள் வந்துசேர்பவர். 76ஆவது நிமிடத்தில் ஸ்டெர்லிங்கின் கிராஸ், குந்தோகனின் தலை. 78இல் ஸின்சென்கோ இடப்பக்கத்திலிருந்து பின்னோக்கிக் கொடுக்க, விளிம்பிலிருந்து ரோட்ரி. 81இல் டி புரூய்ன் கிராஸ், தூரக் கம்பத்தில் மறுபடி குந்தோகன். 3-2, கோப்பை. மூன்று கோல்களில் ஒவ்வொன்றிலும் உள்ளே வந்த மூவரில் ஒருவரின் பங்காவது இருந்தது. பெர்னார்டோவைவிட குந்தோகன் சிறந்த வீரரா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். அன்று தேவைப்பட்டது அந்தத் திறமையல்ல.

நீக்க வேண்டியவரை நீக்கத் துணிவில்லாமல் போவதுதான் இன்னொரு வியாதி. 2018 உலகக் கோப்பையில் ஐஸ்லாந்துக்கு எதிராக அர்ஜென்டினா நடுக்களத்தில் மஸ்செரானோ, பிக்லியா என்று தடுப்பாட்டக்காரர் இருவரை இறக்கியது. எதிரணியில் முன்னால் நிற்பவர் ஏறக்குறைய ஒருவர். அவருக்குக் காவலாக இரண்டு ஸ்டாப்பர்கள், அதற்கு மேலே இருவர். முன்னே மெஸ்ஸியைச் சுற்றி மூன்று பேர் எப்போதும் நிற்க முடிந்ததற்கு இதுவே காரணம். மற்ற அர்ஜென்டினர்களில் பாதிப் பேர் கவனிக்கத் தேவையில்லாத இடத்தில் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் பிக்லியா போய் பனேகா வந்தார். மெஸ்ஸியின் பெனால்டியை கோல்கீப்பர் ஹால்டோர்சன் தடுத்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெனால்டியை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே என் கேள்வி. 1-1.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். பயிற்சியாளர் ஹெலேனியோ ஹெர்ரேராவின் இன்டர் மிலான், கோல் விடாமல் ஆடுவதையே கலையாக்கிய அணி, ஏழாவது நிமிடத்தில் பெனால்டியில் முன்னிலை பெற்றுவிட்டுக் கதவைச் சாத்தியது. எதிரே ஜாக் ஸ்டெயின் பயிற்றுவித்த ஸ்காட்லாந்தின் செல்டிக். இன்டரின் தடுப்பு ஆளுக்கு ஆள் காவல் நிற்கும் முறை. செல்டிக்கின் முன்கள வீரர்கள் தங்கள் இடத்தில் நிற்காமல் அலைந்து காவலர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள். காலியான இடத்துக்குள் இரண்டு ஃபுல்பேக்குகளும் ஏறி வந்தார்கள். பந்து இரண்டு முறை கிராஸ்பாரில் பட்டது, கோல்கீப்பர் சார்த்தி மனிதர்தானா என்று ஐயப்படும் அளவுக்குத் தடுத்தார். 63ஆவது நிமிடத்தில் வலது ஃபுல்பேக் ஜிம் கிரெய்க் குறுக்கே உருட்ட, பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து இடது ஃபுல்பேக் டாமி ஜெம்மெல் ஓங்கி அடித்தார். பெனால்டி கொடுக்கக் காரணமாக இருந்தவரும் அதே கிரெய்க்தான். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் சால்மர்ஸ் இரண்டாவது கோலைப் போட்டார். ஒரு ஃபுல்பேக் கொடுத்து இன்னொரு ஃபுல்பேக் முடிக்கும் அந்தக் காட்சியை 2023-24இல் ஜெர்மன் லீக்கைத் தோல்வியே இல்லாமல் வென்ற லெவர்குசெனில் ஃபிரிம்பொங்கும் கிரிமால்டோவும் பலமுறை நினைவூட்டினார்கள்.

தூரத்திலிருந்து அடிப்பது வீண் என்று புள்ளிவிவர ஆர்வலர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கணக்குப்படி அது மலிவான வாய்ப்புதான். ஆனால் அடிக்கவே மாட்டார்கள் என்று தெரிந்தால் நாங்கள் வெளியே வரவே மாட்டோம். ஜெம்மெல், ரோட்ரி போல ஓங்கி அடிக்கக்கூடிய ஒருவர் விளிம்பில் நின்றால், யாராவது ஒருவர் அவரை நோக்கி ஓடியே ஆக வேண்டும். அவர் விட்டுப்போன இடம்தான் அடுத்த பாஸுக்கான இடம்.

கார்னர், ஃப்ரீகிக் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பதுங்கி நிற்கும் அணிக்கு எதிராக நிறையக் கார்னர் கிடைக்கும். அதை வீணடிப்பது சோம்பேறித்தனம். அர்ஸெனல் நிகோலாஸ் ஜோவர் என்ற தனிப் பயிற்சியாளரை வைத்து இந்த வேலையைச் செய்கிறது. தேர்வில் இரண்டு பேர் சமமாக இருந்தால் உயரமானவரை எடுங்கள், அவ்வளவுதான்.

பின்னால் யாரை விட்டுவிட்டு ஏறுவது என்பதில்தான் பல நல்ல திட்டங்கள் மண்ணைக் கவ்வியிருக்கின்றன. 2012 ஏப்ரல் 24, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. சொந்த மைதானமான காம்ப் நூவில் பார்சலோனா 2-0 என்று முன்னிலை. செல்சியின் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கி வெளியே. பத்துப் பேரோடு திணறும் அணி இடைவேளைக்குச் சற்று முன் ஒரே ஒரு முறை வெளியே ஓடியது. ராமிரெஸ் கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். கடைசி நிமிடங்களில் பார்சலோனா முழுதாக ஏறி நிற்க, டோரெஸ் பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து சமன் செய்தார். இங்கே தேவைப்படுவது தலைகளின் எண்ணிக்கையல்ல. வேகமாகத் திரும்பி ஓடக்கூடிய ஸ்டாப்பர்கள் இருவர், பந்து பறிபோன அதே நொடியில் எதிராளியின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும் நடுக்கள வீரர் ஒருவர். இந்த மூவர் சரியாக இருந்தால் மற்றவர்களை நிம்மதியாக மேலே அனுப்பலாம். பந்தை இழந்த உடனே திரும்பப் பறிப்பது தாக்குதலுக்கும் நல்லது. எதிரணி வெளியே ஓடக் காலெடுத்து வைத்திருக்கும் அந்தச் சில விநாடிகள் மட்டும்தான் சுவர் சுவராக இருக்காது.

மாறாக, நடைமுறையில் என்ன நடக்கிறது? எண்பதாவது நிமிடம் வந்ததும் பயிற்சியாளர் பதறிப்போய் முன்கள வீரர்களாக இறக்கிக்கொண்டே இருப்பார். பெனால்டி பகுதிக்குள் நான்கு பேர் வந்து நிற்பார்கள். கூட்டம் விசில் அடிக்கும். ஸ்டாப்பருக்கோ அதைவிட வசதியானது வேறு கிடையாது. ஆளுக்கொரு ஆள், கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கலாம்; யாரும் எங்கும் ஓட இடமில்லை, பந்து கொடுக்கவும் வெளியே ஆளில்லை.

முன்னே அனுப்பி வைத்துப் பலித்த ஒரு நாளும் உண்டு. 2010 ஏப்ரல் 28, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், பார்சலோனாவுக்கு எதிரே மொரின்யோவின் இன்டர். தியாகோ மோட்டா 28ஆவது நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டதால் இன்டரில் பத்துப் பேர். எட்டோ போன்ற முன்கள வீரரே ஃபுல்பேக் போல இறங்கி நின்றார். மெஸ்ஸி, ஸாவி, இப்ராஹிமோவிச் எல்லோரும் இருந்தும் பார்சலோனாவால் எண்பது நிமிடம் தாண்டியும் கோல் போட முடியவில்லை. இப்ராஹிமோவிச்சை 63ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஸ்டாப்பர் பிக்கேயை முன்னால் அனுப்பினார்கள். 84ஆவது நிமிடத்தில் ஸாவி கொடுத்த பந்தை வரிசைக்குப் பின்னால் போய் வாங்கி, ஒரே சுழலில் ஸ்டாப்பரையும் கோல்கீப்பரையும் ஏமாற்றி உள்ளே தள்ளினார். அது ஆஃப்சைடா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 1-0 போதவில்லை, முதல் ஆட்டத்தில் 3-1 என்று வென்றிருந்த இன்டர்தான் இறுதிக்குப் போனது. ஆனால் பார்சலோனா அணியில் அன்றைக்குச் சுவரின் முதுகுப் பக்கம் ஓட வேண்டும் என்று தோன்றியது ஒரு ஸ்டாப்பருக்குத்தான் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.